புயல் ஓடும்போது கசங்கிய சட்டைகள்

ஜனவரி 19, ஞாயிறு

இன்று பந்தியில் வைத்து மானம் போயிற்று. அதுவும் வடை வைக்கும் முன்பே.

என் மனைவி பூங்கொடியின் சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து. பக்கத்து இலைக்காரர் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே நான் விசேஷங்களுக்குப் போகிறவன். "இன்ஜினியரிங் மூணாவது வருஷமுங்க. செஸ் ஆடுற புரோகிராம் ஒண்ணு சொந்தமா எழுதியிருக்குது. ஒரு நொடிக்கு எட்டு லட்சம் ஆட்டம் ஆடும்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.

எதிர் வரிசையில் பாயசத்தோடு உட்கார்ந்திருந்த பூபதி சிரித்தான். "ஆட்டம் இல்லீங்க மச்சான், நிலை. ஆட்டம் வேற, நிலை வேற."

"நொடிக்கு எட்டு லட்சம் ஆட்டம் ஆடுனா காயெல்லாம் தேஞ்சு போயிரும்ல?" என்றார் பேங்க்காரர். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி? என் மகள் நித்திலாவும் சிரித்தாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இலையை எடுத்துக்கொண்டு போய் அவள் மாமன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பரிமாறுகிற ஆள் கேட்காமலேயே எனக்கு இரண்டாவது அப்பளம் வைத்தார். துக்கம் விசாரிப்பது மாதிரி இருந்தது.

பூபதி, பூங்கொடியின் தம்பி. பெங்களூரில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். நான் தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். பத்தாவது பாஸ், டைப்ரைட்டிங் லோயர். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் எங்கள் வண்டி இரண்டு நிமிடம் பிந்தினால் டிரைவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் எனக்கு உண்டு. மற்றபடி என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஜனவரி 20, திங்கள்

சட்டையில் சாம்பார்க் கறை போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னாள் பூங்கொடி. தேய்த்தேன். இப்போது கறையும் இருக்கிறது, எலுமிச்சை வாசமும் இருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

நிலை என்றால் என்ன என்று இன்று நித்திலாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காயை ஒரு முறை நகர்த்தினால் பலகை ஒரு நிலைக்கு வருகிறது. எதிராளி இப்படிப் போனால் ஒரு நிலை, அப்படிப் போனால் வேறொரு நிலை. தன் காயை எடுத்து வைக்கும் முன்னால், அந்த மாதிரி நிலைகளை நொடிக்கு எத்தனை பார்த்துத் தள்ளுகிறது என்பதுதான் புரோகிராமின் வேகமாம். அதிகம் பார்த்தால் தூரம் வரை பார்க்கலாம்.

அவள் முதலில் எழுதிய புரோகிராமின் பெயர் 'குழந்தை'. என் பெயர் குழந்தைவேல். சதுரங்கம் சொல்லிக்கொடுத்தவன் நான் என்பதால் வைத்தாளாம். ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு அதிகம் தெரியாது. குழந்தையும் எப்போதும் அதையே தள்ளுகிறது. எனக்கு அதில் பெருமை.

ஆனால் குழந்தை மெதுவாம். பூபதி சொல்லிவிட்டான். பலகையின் அறுபத்து நாலு கட்டத்தையும் ஒரே எண்ணுக்குள் மடித்து வைக்கும் முறை ஒன்று இருக்கிறதாம். அதன்படி முழுவதையும் திருப்பி எழுதுகிறாள். இதன் பெயர் 'புயல்'. பெயர் வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

பிப்ரவரி 15ஆம் தேதி கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் புரோகிராம்களுக்குள் போட்டி. மனிதர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், கம்ப்யூட்டர்கள் மோதும். அதில் நன்றாகச் செய்தால் தன் கம்பெனியில் கோடை விடுமுறைக்கு வேலைப் பயிற்சி கேட்டுப் பார்ப்பதாகப் பூபதி சொல்லியிருக்கிறான். பெங்களூரில். அவன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாமாம். எல்லாம் யோசித்து வைத்திருக்கிறான்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். பூபதி காலை டிபனுக்கு வந்தவன் சாயங்காலக் காபிக்கும் இருந்தான். இரண்டு பேரும் லேப்டாப் முன்னால். அதுவும் அவன் கொடுத்த பழசுதான். சார்ஜ் ஏறுகிறதா என்று காட்டும் விளக்கு எரியாது. கணக்கு அதிகமானால் ஏற்காடு மலையில் முதல் கியரில் ஏறும் வண்டி மாதிரி அதன் மின்விசிறி கத்தும்.

நானும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "அந்த அறுபத்து நாலு கட்டத்த எப்படிம்மா மடிக்கிறது?" என்றேன்.

"அப்புறம் சொல்றேம்ப்பா."

ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்று கவனித்தேன். மாமனை 'நீங்க' என்கிறாள், என்னை 'நீ' என்கிறாள். இதில் யார் நெருக்கம் என்று பூங்கொடியிடம் கேட்டேன். "தேங்காய உடைங்க" என்றாள்.

பிப்ரவரி 1, சனி

புயல் எழுதி முடித்துவிட்டாள். இன்று வேகம் அளந்தாள்.

அளப்பதற்குப் பெரிய ஆசாரம் இருக்கிறது. வைஃபையை அணைக்க வேண்டும். வேறு எதுவும் திறந்திருக்கக் கூடாது. ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த சில நிலைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் யோசிக்க விட வேண்டும். பார்த்த நிலைகளின் எண்ணிக்கையை நொடிகளால் வகுத்தால் வேகம். இரண்டு புரோகிராமுக்கும் அதே நிலைகள், அதே நேரம். அது முடியும்வரை லேப்டாப் மேல் 'தொடாதே' என்று ஒரு தாளை ஒட்டிவிட்டு அவள் மாடிக்குப் போய்விடுவாள். நின்று பார்த்தால் கை பரபரக்குமாம்.

முதலில் குழந்தை. எட்டு லட்சத்துச் சொச்சம். பழைய எண்தான். அடுத்துப் புயலை ஓடவிட்டு மாடிக்குப் போனாள்.

எனக்கு இரண்டாம் ஷிப்ட். வெள்ளைச் சட்டை தேய்க்க வேண்டும். எங்கள் வீட்டு ஹாலில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான், சோபாவுக்குப் பின்னால். இஸ்திரிப் பெட்டி போட்டால் மற்ற சுவிட்சுகளை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் டிரிப்பர் விழுந்துவிடும் என்பது பூங்கொடியின் சட்டம். அணைத்தேன், தேய்த்தேன், இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிட்டுச் சுவிட்சைத் திரும்பப் போட்டேன். லேப்டாப்பைத் தொடவில்லை.

நித்திலா இறங்கி வந்து திரையைப் பார்த்தாள். உடனே போன்.

"மாமா, ஏழு லட்சம்தான் மாமா வருது. குழந்தையவிடக் கம்மி!"

நான் சட்டையில் பட்டன் போட்டுக்கொண்டிருந்தேன். மேலிருந்து கீழ் வரை தப்பில்லாமல் போட்டேன். இன்றைக்குக் கரூர் வண்டி ஆறு நிமிடம் லேட். டிரைவரை ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது, அதாவது காதில். லேப்டாப் கத்திக்கொண்டிருந்தது. டி.வி. பிளக்கை மாற்றும்போது தவறுதலாகச் சார்ஜர் சுவிட்சில் கை பட்டது. கத்தல் அடங்கிவிட்டது. போட்டேன், கத்தியது. கரண்ட் இல்லையென்றால் பேட்டரியை மிச்சம் பிடிக்க மெதுவாக ஓடுகிறது என்று நினைக்கிறேன். எனக்கு என்ன தெரியும், பத்தாவது பாஸ்.

சாயங்காலம் நித்திலா புயலை மறுபடி ஓடவிட்டாள். திங்கட்கிழமைச் சட்டையை முன்கூட்டியே தேய்த்து வைத்துவிட்டால் காலையில் அவசரம் இருக்காது என்று தோன்றியது. தேய்த்தேன்.

ஆறு லட்சத்து எண்பதாயிரம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அவளுக்குத் தட்டுவடை செட் வாங்கி வந்தேன். கல்லூரியிலிருந்து வந்ததிலிருந்து லேப்டாப் முன்னால்தான். எழுதியதை வரி வரியாகப் படிக்கிறாள். எங்கே தப்பு என்று தேடுகிறாள்.

"கொஞ்சம் சாப்பிடும்மா."

"வைப்பா."

வைத்தேன். பீட்ரூட் துருவல் நீர் விட்டு, தட்டுவடை நமத்துப்போனது. நானே சாப்பிட்டேன்.

எனக்கு ஒரு சந்தோஷம், எழுதித்தான் ஆக வேண்டும்: மூன்று நாளாகப் பூபதிக்குப் போன் போகவில்லை. நேற்று என்னிடம், "அப்பா, குழந்தையே போதும்ல போட்டிக்கு?" என்று கேட்டாள். "தாராளமா போதும்" என்றேன். என் பெயர் கோயம்புத்தூர் வரை போகப் போகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

பூபதி விடவில்லை. அந்த முறையில் எழுதினால் வேகம் குறையவே குறையாது, இரண்டையும் மாற்றி மாற்றி மறுபடி ஓட்டிப் பார் என்றானாம்.

ஓட்டினாள். குழந்தை, புயல், குழந்தை, புயல். ஒவ்வொன்றையும் தொடங்கும்போது மாடிப்படியில் நின்று பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

குழந்தை ஓடும்போது என் சட்டைகள் கசங்கவில்லை. புயல் ஓடும்போது கசங்கின.

பூங்கொடி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, அந்தச் சட்டையத்தான் முன்னாடியே தேச்சீங்களே?"

"காலர் சரியா இல்ல."

"காலரே இல்லாத பனியன் அது."

குனிந்து பார்த்தேன். பனியன்தான்.

பிப்ரவரி 8, சனி

பூபதிக்கு நித்திலாவே போன் செய்தாள். ஸ்பீக்கரில் இருந்தது. புயல் நாலாவது முறையும் ஏழு லட்சத்தைத் தாண்டவில்லை என்று சொன்னாள். அவனுக்கு என்ன வேலை நெருக்கடியோ, குரல் சலிப்பாக இருந்தது.

"அப்ப நீ எழுதுனதுலதான் எங்கயோ சொதப்பல், கண்ணு. நானும் எவ்வளவு சொல்றது? விட்டுரு. எல்லாருக்கும் இது வந்துராது. கோர்ஸ முடி, டெஸ்டிங் மாதிரி எதுக்காச்சும் போயிக்கலாம்."

"சரிங்க மாமா."

போனை வைத்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். பாத்ரூமில் தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாளி எப்போதோ நிரம்பியிருக்கும்.

நியாயமாக இன்று எனக்குத் திருவிழா. பூபதி தானாகவே கீழே இறங்கிவிட்டான். ஆனால் எனக்கு வந்த கோபத்துக்குப் பெங்களூர் வண்டி ஏறிப் போய் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். என் மகளுக்கு வராதா? எது வராது? எட்டு வயதில் என்னைத் தோற்கடித்தவள். அவளுக்கு வராது என்று சொல்ல இவன் யார்?

கோபம் பஸ் ஸ்டாண்ட் வரை நன்றாக இருந்தது. டைம் ஆபீசில் உட்கார்ந்ததும், அவன் சட்டையைப் பிடித்த பிறகு என்ன பேசுவது என்று யோசித்தேன். அதோடு போயிற்று.

பூங்கொடி இரவுச் சாப்பாட்டில், "போட்டிக்கே போகலையாம்" என்றாள். ரசம் நன்றாக இருந்தது. பாதியிலேயே கை கழுவினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் தேய்க்க வேண்டிய துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தெருமுனை இஸ்திரி வண்டியில் போட்டேன். தேய்த்த துணியும் அதில் இருந்தது.

"வாரத்துல நாலு நாளு வீட்லயே தேச்ச மனுசன் இன்னிக்கு வண்டிக்குக் குடுக்குறாரு" என்று பூங்கொடி வாசலில் நின்று தெருவுக்கே சொன்னாள்.

நித்திலா போர்வைக்குள் இருந்தாள். பத்து மணி.

"எந்திரிம்மா. இன்னொரு தடவ ஓட்டு."

"எதுக்குப்பா? ஏழு லட்சம்தான் வரும்."

"எங்க ஆபீஸ்ல வண்டி லேட்டுன்னா டிரைவர மட்டும் கேக்க மாட்டோம். ரோட்டையும் கேப்போம்."

"என்ன ரோடு?" என்று போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

அந்த ரோடு நான்தான் என்று எப்படிச் சொல்வது? "ஒரே ஒரு தடவ. எனக்காக" என்றேன்.

இந்த 'எனக்காக' என்ற சொல்லை நான் மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். வேலை செய்தது. எழுந்து வந்து, வைஃபை அணைத்து, தாள் ஒட்டி, புயலை ஓடவிட்டாள். மாடிக்குப் போகவில்லை, பல் தேய்க்கப் போனாள். நான் சோபாவுக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். பூங்கொடி மிக்ஸி போட பிளக் தேடி வந்தாள். "இன்னிக்குச் சட்னி வேண்டாம்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். லேப்டாப் ஏற்காடு ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கத்தல் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

நித்திலா வாயில் நுரையோடு வந்து திரையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இருபத்தோரு லட்சம்."

எழுந்து அவள் பக்கம் இரண்டு அடி வைத்தேன். அவள் பிரஷ்ஷோடு போனை எடுத்தாள்.

"மாமா! இருபத்தொண்ணு மாமா!"

அவர்கள் பேசி முடிக்கும்வரை நான் எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைத்தேன். சுருட்டவே தேவையில்லாத வயர். பிறகு போன் என்னிடம் வந்தது.

"மச்சான், நான் நேத்து அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க. புள்ள மனசு என்ன பாடு பட்டிருக்கும். மன்னிச்சுருங்க."

"அட விடு மாப்ளே, அதெல்லாம் மனசுல வெச்சுக்காத" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் ஒருவன், கேட்டவன் வேறொருவன். நான் மன்னித்தும் விட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பழனிக்கு ஸ்பெஷல் வண்டிகள். மூச்சு விட நேரமில்லை. காவடியோடு படியில் நின்றவரை உள்ளே அனுப்புவதற்குள் என் விசில் தொலைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது நித்திலா சோபாவுக்குப் பின்னால் குனிந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா" என்றாள். நானும் ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 15, சனி

கோயம்புத்தூருக்கு அவளோடு நான் போனேன். பூபதிக்கு லீவு கிடைக்கவில்லை. கடவுள் இருக்கிறார்.

ஒரு பெரிய ஹால். கம்ப்யூட்டர்கள் ஆடின. பிள்ளைகள் நகம் கடித்தார்கள். புயல் வரிசையாக ஜெயித்தது. என்னைத் தவிர யாரும் கை தட்டவில்லை. இரண்டாவது தடவைக்குப் பிறகு நானும் நிறுத்திக்கொண்டேன். கடைசி ஆட்டம் கோபிச்செட்டிபாளையத்துப் பையன் ஒருவனின் புரோகிராமோடு. அது நொடிக்கு மூன்று லட்சம்தான் பார்க்குமாம். நான் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். தோற்றுவிட்டோம்.

இரண்டாம் பரிசு. சான்றிதழை வாங்கியதும், "இதக் கொஞ்சம் பிடிப்பா" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். கசங்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது எங்கள் கம்பெனி வண்டியே கிடைத்தது. கண்டக்டர் முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார். அவிநாசி தாண்டியதும் வறுத்த கடலை வாங்கினேன். நான் கேட்கவில்லை, அவளே ஆரம்பித்தாள். 'அப்புறம் சொல்றேன்' என்றாளே, அந்த 'அப்புறம்' இன்றைக்குத்தான் வந்தது.

"மூணு லட்சம் எப்படிப்பா இருபத்தோரு லட்சத்த ஜெயிச்சுது தெரியுமா? அந்தப் பையன் எழுதுனது வேண்டாதத எல்லாம் பாக்காதுப்பா. இந்தப் பக்கம் போனா பிரயோசனமில்லன்னு தெரிஞ்சா அங்கயே விட்டுரும். என்னுது வேகமா ஓடி ஓடி வேண்டாததையே பாத்துட்டு இருக்குது."

"அது ஒரு வியாதிம்மா. எங்கயிருந்து ஒட்டுச்சோ" என்றேன்.

சிரித்தாள். கடலைத் தோலை ஊதினாள். அறுபத்து நாலு கட்டத்தை ஒரு எண்ணுக்குள் மடிப்பது எப்படி என்று என் உள்ளங்கையில் விரலால் கட்டம் போட்டுக் காட்டினாள். காய் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர், வரிசையாக எழுதினால் ஒரே நீள எண். பாதி புரிந்தது. முழுவதும் புரிந்தது என்று தலையாட்டினால் நிறுத்திவிடுவாளோ என்று, கால்வாசி புரிந்த மாதிரி ஆட்டினேன்.

பெருந்துறை வந்தபோது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, புயல் கம்மியா வந்தப்ப எல்லாம் வீட்ல இஸ்திரி வாசம் வந்துச்சு. குழந்தை ஓட்டுனப்ப வரல."

நான் சில்லறை தேடுவது மாதிரி பையைத் துழாவினேன். எனக்கு எந்தச் செலவும் இல்லை.

"மாமா கேட்டாரு, அன்னிக்கெல்லாம் ஏன் கம்மியா வந்துச்சுன்னு. சார்ஜர் லூஸ் கனெக்‌ஷன்னு சொல்லிட்டேன்."

"ம்."

"ஏன்ப்பா அணைச்ச?"

"டிரிப்பர் விழுந்துரும்னு உங்கம்மா..."

"பனியனுக்கா?"

"மன்னிச்சுக்கோம்மா" என்றேன். மெதுவாகத்தான் வந்தது. முன் சீட் என்பதால் இன்ஜின் சத்தம் வேறு. கேட்டதா என்று தெரியவில்லை. கேட்டிருக்கும், ஏனென்றால் பொட்டலத்தில் மீதி இருந்த கடலையை என் கையில் கொட்டினாள்.

"அது சரி, ஏன்னு சொல்லவே இல்லையே" என்றாள்.

"பொழுது போகல" என்றேன். கண்டக்டர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். சங்ககிரி வரை நான் தோளை அசைக்கவில்லை.

வாய்விட்டுச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் எண் வந்ததும் நீ போனை எடுக்கிறாய், நித்திலா. நான் நாலு அடி தள்ளி, கையில் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறேன். அந்த எண்ணை முதலில் என் பக்கம் திரும்பி ஒரு தடவை சொல்லிவிட்டு, அப்புறம் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்.